250 வருச மலை வீடும் ஆறு சென்ரிமீற்றர் மரநாரும்

ஒரு மர வீடு மலையில 250 வருசமா உக்காமல் நிக்குது எண்டா, நல்ல மரம், கெட்டிக்காரத் தச்சன் எண்டது பாதிக் காரணம்தான். மிச்சப் பாதி, அது ஓட்டை வீடு எண்டது. காத்து எல்லா இடுக்காலயும் போய் வரும், மழையில நனைஞ்சது வெயில்ல காயும், உள்ளுக்க சமைச்ச ஆவி முகட்டால வெளியில போயிடும். ஆக்கள் குளிர்ல நடுங்கிச்சினம், வீடு சுகமா இருந்தது. இப்ப நாங்கள் போய் ஆக்களைச் சூடா வைக்கப்போறம் எண்டு எல்லா இடுக்கையும் அடைச்சா ஒரு தலைமுறைக்குள்ளயே மரத்தை உக்க வைச்சிடலாம், அது பெரிய கஷ்டமான வேலை இல்லை, சுவிசின்ர சிம்மென்டால் பள்ளத்தாக்கிலயே அப்பிடி நடந்த வீடுகள் இருக்கு.

நான் சுவிசில தூண் எண்ட நகரத்தில ஒரு சின்னக் கட்டடக்கலை ஓபிசில வரைபடம் வரையிற ஆள். ஓபிசுக்கு வாற வேலையில கனக்க பெர்னர் ஓபர்லாண்ட், அதாவது பெர்ன் மாநிலத்து மலைப் பக்கத்துப் பழைய வீடுகள்தான். இப்ப முடியப்போற ஒரு ஷாலேயை, அதாவது மலைப் பக்கத்து மர வீட்டைப் பற்றித்தான் எழுதப்போறன். சிம்மென்டால் பள்ளத்தாக்கில ஒரு சரிவில இருக்கு, ஊர் பேர் சொல்ல ஏலாது, சொந்தக்காரர் ஒரு வயசான தம்பதி, நல்ல மனுசர், அவையின்ர வீட்டை இன்ரநெட்டில ஆக்கள் தேடிக்கொண்டு வாறது சரியில்லை.

சிம்மென்டால் எண்டா மாடுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஊரில கூட சிம்மென்டால் இனம் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம். ஆனா இந்தப் பள்ளத்தாக்கின்ர தச்சு வேலை மாட்டை விடப் பெரிய விசயம் எண்டு நான் சொல்லுவன். டேர்ஷ்டெட்டன் எண்ட ஊரில 1756 இல கட்டின க்னுட்டி வீடு எண்டு ஒண்டு இருக்கு, முன் முகம் முழுக்கச் செதுக்கலும் பெயின்ற் எழுத்தும், ஒரு நகைப்பெட்டி மாதிரி. பக்கத்து டீம்டிகன் ஊருக்கு 1986 இல வாக்கர் பரிசு கிடைச்சது, பழைய கட்டடங்களைக் கெடுக்காமல் ஊரை வளக்கிற உள்ளூராட்சிக்கு சுவிஸ் மரபுப் பாதுகாப்புச் சங்கம் வருசா வருசம் குடுக்கிற பரிசு அது.

எங்கட வீடு அவ்வளவு ஆடம்பரம் இல்லை. கீழ கல்லு நிலவறை, பாலாடைக்கட்டி வைக்கிற இடம். அதுக்கு மேல 12 சென்ரிமீற்றர் தடிப்பில சதுரமாச் செதுக்கின ஸ்ப்ரூஸ் எண்ட ஊசியிலை மரங்களைப் படுக்க வைச்சு அடுக்கி, மூலையில ஒண்டுக்குள்ள ஒண்டு கோத்துக் கட்டின சுவர். ஆணி எண்டு சொல்லவே ஒண்டும் இல்லை. மரத்துக்கும் மரத்துக்கும் இடையில பாசியை வைச்சு அடைச்சிருக்கினம், இப்பவும் விரலை விட்டா காய்ஞ்ச பாசி உதிரும். முன்னுக்கு தெற்குப் பக்கம் சூரியன் சுட்டு மரம் கறுத்த மண்ணிறம், வடக்குப் பக்கம் அதே மரம் வெள்ளிச் சாம்பல் நிறம். உள்ளுக்க முன் பக்கம் வரவேற்பறை, அதில மணற்கல்லில கட்டின அடுப்பு, படி மாதிரி வெட்டினது, குளிர் காலத்தில பிள்ளையள் ஏறி இருக்கிறதுக்கு. பின் பக்கம் தான் எனக்குப் பிடிச்ச இடம், புகைக் குசினி. சிம்னி எல்லாம் பிறகு வந்தது, முதல்ல கூரை வரைக்கும் திறந்த ஒரு உயரமான அறை, நடுவில நெருப்பு, புகை மேல போய் கூரை இடுக்கால வெளியேறும், போற வழியில தொங்கவிட்ட இறைச்சியும் பதப்படும். அந்தச் சுவரைத் தொட்டா கரி கையில ஒட்டாது, தார் மாதிரி இறுகி மினுங்குது. புகை குடிச்ச மரத்தில உளு வைக்காது எண்டது எங்கட ஊரில அடுப்படி வளையைப் பாத்த ஆக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முகட்டுக்குக் கீழ முன் முகத்தில வருசம் செதுக்கியிருக்கு, 1768. ஆனா அதை அப்பிடியே நம்பேலாது, பழைய வீட்டை வாங்கி மரத்தைக் கழட்டி வேற இடத்தில திருப்பிக் கட்டுறது அந்தக் காலத்தில சாதாரணம். அதால மரத்தில பென்சில் தடிப்பில ஒரு துளை போட்டு எடுத்து ஆண்டு வளையங்களை எண்ணிப் பாக்கிறது. நல்ல வருசத்தில வளையம் அகலம், கெட்ட வருசத்தில ஒடுக்கம், அந்த வரிசை ஒரு கைரேகை மாதிரி, ஏற்கனவே தெரிஞ்ச வரிசையோட பொருத்தினா மரம் எந்தக் குளிர்காலத்தில வெட்டினது எண்டே சொல்லிடுவினம். ஷ்வீஸ் நகரத்தில பெத்லெகேம் வீடு எண்டு ஒரு மர வீடு இருக்கு, 1287 ஆம் ஆண்டு எண்டு இந்த முறையாலதான் தெரியும், ஐரோப்பாவிலேயே மிகப் பழைய மர வீடுகளில ஒண்டு. எங்கட வீட்டில கீழ் மரங்கள் செதுக்கின வருசத்தோட ஒத்துப்போச்சு, குசினிப் பக்கத்து ரெண்டு தீராந்தி அதுக்கும் நூறு வருசம் முந்தினது. அந்தக் காலத்திலயே பழைய சாமானைத் திருப்பிப் பாவிச்சிருக்கினம், நாங்கள் இப்ப அதுக்கு ஒரு பெரிய பேர் வைச்சு செமினார் நடத்திறம்.

அம்மாட்ட இந்தக் கதையைச் சொன்னா அவவுக்குச் சிரிப்பு. "ஏன் மோனை, அவ்வளவு காசு இருக்கிற ஆக்கள், உந்த உக்கலை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டினா என்ன?" எண்டு கேட்டா. நியாயமான கேள்விதான். முதல் பதில், சட்டம் விடாது. பெர்ன் மாநிலத்தில பழைய கட்டடங்களுக்கு ஒரு பதிவேடு இருக்கு, அதில ரெண்டு தரம், கட்டாயம் காக்கவேண்டியது ஒண்டு, முடிஞ்சளவு வைச்சிருக்கவேண்டியது ஒண்டு, இது முதல் தரத்தில இருக்கு. ரெண்டாவது பதில் தான் என்ர பதில். ஒரு கன மீற்றர் ஸ்ப்ரூஸ் மரத்துக்குள்ள முக்கால் தொன் அளவு காபனீரொட்சைட்டு அடைபட்டுக் கிடக்கு, இந்த வீட்டில அப்பிடிப் பல பத்துக் கன மீற்றர். இதை இடிச்சு எரிச்சா அது முழுக்க மேல போகும், அதோட புதுசா கொங்கிறீற் அத்திவாரம், அதுக்கு சீமெந்து, அந்த சீமெந்தைச் சுட நெருப்பு. புது வீடு எவ்வளவுதான் குறைவா சக்தி இழுத்தாலும் கட்டும்போது வைச்ச கடனை அடைக்கவே கனகாலம் எடுக்கும். சூழலுக்கு ஆக நல்ல கட்டடம் ஏற்கனவே நிக்கிற கட்டடம்தான். ஆனா அதைச் சூடாக்க வருசம் முழுக்க எண்ணெய் எரிச்சா அந்தக் கணக்கும் பிழைச்சிடும், அதுதான் பிரச்சினை. இந்த வீட்டில 1970களில போட்ட எண்ணெய் பொயிலர் ஒண்டு நிலவறையில உறுமிக்கொண்டு இருந்தது.

சரி, இனி ஈரம். உண்மையில இந்தப் பதிவு முழுக்க ஈரத்தைப் பற்றித்தான்.

சுவிசில வாடகை பிளாட்டில இருந்த தமிழ் ஆக்களுக்கு ஷிம்மல் எண்டா விளக்கம் தேவையில்லை. படுக்கையறை மூலையில, அலுமாரிக்குப் பின்னால கறுப்பாப் பூக்கிற பூஞ்சணம். வீட்டுக்காரன் வந்து பாத்துட்டு நீங்கள் கனக்க சமைக்கிறியள், யன்னலைத் திறக்கிறியள் இல்லை எண்டு போயிடுவான், நாங்கள் சுவர் சரியில்லை எண்டு சொல்லுவம், ரெண்டு பேர் சொல்லுறதும் பாதி சரி. நாலு பேர் இருக்கிற வீட்டில மூச்சு, குளிப்பு, சமையல், உடுப்புக் காயவிடுறது எல்லாம் சேந்து ஒரு நாளைக்கு 10 லீற்றர் அளவு தண்ணி ஆவியாக் காத்தில சேருது. சோறு வடிச்சு, ஆட்டிறைச்சி ரெண்டு மணித்தியாலம் அவியவிட்டா கூடவும் வரும். 20 பாகையில 50 சதவீத ஈரப்பதன் இருக்கிற காத்து 9 பாகைக்குக் கொஞ்சம் மேல இருக்கிற மேற்பரப்பைத் தொட்டாலே தண்ணியா வடியத் தொடங்கும். அந்த 9 பாகையை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ.

எங்கட 12 சென்ரிமீற்றர் மரச் சுவரை எடுப்பம். வெளியில மைனஸ் 10, உள்ள 20 எண்டா ஒரு சதுர மீற்றரால 27 வற் அளவு சூடு வெளியில போகுது. மரம் நல்ல தடிப்பம் எண்டு பாக்கிற ஆக்கள் நினைக்கினம், ஆனா இப்பத்தைய கணக்குக்கு இது மோசம். ஆனாலும் பாருங்கோ, சுவரின்ர உள் முகம் 16 பாகையில இருக்கு, தண்ணி வடியாது. இப்ப உள் பக்கமா இன்சுலேஷனுக்கு, அதாவது சூடு வெளியில போகாமல் தடுக்க, மரத்தை நாராக்கி அமத்திச் செய்த மரநார்ப் பலகை 6 சென்ரிமீற்றர் வைச்சா 27 வற் 12 ஆகிடும். பாதிக்கு மேல மிச்சம். 10 சென்ரிமீற்றர் வைச்சா 8 வற். அதாவது முதல் ஆறு சென்ரிமீற்றர் பதினைஞ்சு வற்றை மிச்சம் பிடிக்குது, அடுத்த நாலு சென்ரிமீற்றர் வெறும் நாலு வற். அதோட எப்பவோ சூடா இருந்த அந்தப் பழைய மரத்தின்ர உள் முகம் இப்ப இன்சுலேஷனுக்குப் பின்னால போயிட்டுது, அதின்ர வெப்பநிலை 16 இல இருந்து 1 பாகைக்கு விழுது. 10 சென்ரிமீற்றர் எண்டா மைனஸ் 2. ஒன்பது பாகைக்கு எவ்வளவோ கீழ. ஒரு இடுக்கால அறைக் காத்து அங்க போனா தண்ணிதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில. மரத்தில ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நெடுக நிண்டா உக்கப் பண்ணுற பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

இந்த இடத்தில பலபேர் பிளாஸ்ரிக் தாளை உள் பக்கமா ஒட்டிவிடுவம் எண்டு நினைப்பினம். புது வீட்டில அது வேலை செய்யும். பழைய மர வீட்டில உள்சுவர் மரமும் வெளிச்சுவர் மரமும் மூலையில ஒண்டை ஒண்டு கோத்து வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும், அந்த மரத்தில நீளவாக்கில வெடிப்பு இருக்கும், காத்து அந்த வெடிப்புக்குள்ளால தாளைச் சுத்திக்கொண்டு உள்ள போயிடும். போன ஈரம் தாள் இருக்கிறதால திரும்பி வர வழியில்லை. ஸ்ரைரோபோம் ஒட்டினாலும் அதே கதை.

நாங்கள் செய்தது இது. ஈரக் களிமண்ணை சுவரில தடிப்பாப் பூசி, மரநார்ப் பலகையை அந்தச் சேத்துக்குள்ள அமத்தி ஒட்டுறது, பின்னால ஒரு மில்லிமீற்றர் வெற்றிடம் கூட இருக்கக் கூடாது, வெற்றிடம் இருந்தா அங்க காத்து சுத்தும். பிறகு அதுக்கு மேல களிமண் பூச்சு, அதுதான் காத்துப் புகாத படை. மூலையில நீட்டிற மரத்தின்ர வெடிப்புகளுக்குள்ள ஆட்டு மயிரை இறுக்கி அடைச்சது. மரநாரும் களிமண்ணும் ஈரத்தை வாங்கி வைச்சு, அறை உலர்ந்த நேரத்தில திருப்பி உள்ள விடும், ரெண்டு பக்கமும் காயும். களிமண் காய வாரக் கணக்கா எடுக்கும், அதால இந்த வேலையை ஆனி, ஆடி மாசத்திலதான் செய்யவேணும், மலையில கோடை ஒரு கண் மூடித் திறக்கிற நேரம், தச்சரும் மேசனும் ஒரே அறைக்குச் சண்டை பிடிச்சினம். சொந்தக்கார அம்மா ஒவ்வொரு முறையும் இன்னும் காயேல்லையோ எண்டு கேப்பா.

ஆறு சென்ரிமீற்றரோட நிப்பாட்டினம். இஞ்ச றெனோவேஷனுக்கு வழமையாக் கேக்கிற அளவுக்கு இது குறைவு, ஆனா பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்கு விலக்குத் தருவினம். வரவேற்பறைக்கு இன்சுலேஷனே இல்லை, அந்தப் பலகைச் சுவரும் யன்னல் வரிசையும்தான் வீட்டின்ர முகம், மரபுப் பாதுகாப்பு அதிகாரி அதில கை வைக்க விடமாட்டன் எண்டு முதல் நாளே சொல்லிட்டார், எனக்கும் அதில மறு கருத்து இல்லை. அந்த அறைக்கு மணற்கல் அடுப்பு இருக்கு. அடுப்பைக் கழட்டிக் கல்லுக் கல்லா நம்பர் போட்டு, உள்ள புகை போற பாதையைப் புதுசாக் கட்டித் திருப்பி அடுக்கினவை. காலமை ஒருக்கா விறகு போட்டா இரவு வரைக்கும் கல்லு சூடு தரும்.

இதுதான் மொடேர்ன் டிசைன் எண்டு நான் நினைக்கிறன். வீடு முழுக்க ஒரே சூடா இருக்கவேணும் எண்ட எண்ணத்தைக் கைவிடுறது. குளியலறை 22, குசினியும் ரெண்டு படுக்கையறையும் 19, 20, வரவேற்பறை அடுப்பு மூட்டினா சூடு, இல்லாட்டி ஸ்வெற்றர், நடுவில இருக்கிற நடை வெறும் 12. பழைய ஆக்கள் அப்பிடித்தான் இருந்தவை, ஒரு அறைதான் சூடு. பிளான் வரையிற கட்டத்திலயே இதைத் தீர்மானிச்சா இன்சுலேஷன், ஹீற்றிங், செலவு எல்லாம் பாதியாகுது. பிளானை முடிச்சிட்டு எனர்ஜி எஞ்சினியரைக் கூப்பிட்டா அவர் பாவம் பத்து சென்ரிமீற்றர்தான் கேப்பார்.

புகைக் குசினியில தான் புது வேலை கண்ணுக்குத் தெரியுற மாதிரி செய்தது. அஞ்சு மீற்றருக்கு மேல உயரம், கரிச் சுவர், அதில ரைல்ஸ் ஒட்டினா பாவம். அந்த உயரத்துக்குள்ள சுவரில முட்டாமல் ஒரு மரப் பெட்டி நிக்குது, வெள்ளை மரம், கீழ புதுக் குசினி, மேல குளியலறை. பெட்டிக்கும் கரிச் சுவருக்கும் இடையில ஒரு ஆள் பக்கவாட்டில போற இடைவெளி. வீட்டிலேயே கனக்க ஆவி வாறது அந்த ரெண்டு இடத்தாலதான், அதால அதை மட்டும் காத்துப் புகாமல் இறுக்கிக் கட்டி, சூட்டைத் திருப்பி எடுக்கிற ஒரு சின்ன வென்ரிலேஷன் மெஷின் வைச்சிருக்கு. பழைய மரத்துக்கு அந்த ஈரம் போறதே இல்லை. கூரையில ஒரு கண்ணாடி, அதால விழுற வெளிச்சம் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில இறங்கி கரியில பட்டு மினுங்கும். நாளைக்கு யாருக்கும் பெட்டி பிடிக்கேல்லை எண்டா திருகாணியைக் கழட்டி எடுத்துட்டுப் போகலாம், குசினி பழையபடி இருக்கும்.

இந்த மாதிரி யோசனை எங்கட ஓபிஸ் கண்டுபிடிச்சது இல்லை. கிராவுபுண்டன் மாநிலத்தில வேர்சாம் எண்ட இடத்தில பீட்டர் சும்தோர் எண்ட கட்டடக்கலைஞர் 1990களில குகலுன் எண்ட ஒரு பழைய விவசாயி வீட்டுக்குப் புதுப் பகுதி ஒண்டு சேத்துக் கட்டினவர். பழைய அறைகளை அப்பிடியே விட்டு, குசினி, குளியலறை, படுக்கையறை எல்லாத்தையும் பின்னுக்குப் புதுசா, ரெண்டுக்கும் ஒரே கூரை. புது மரமும் காலம் போகக் கறுத்துப் பழசோட சேரும் எண்டு தெரிஞ்சு கட்டினது. அவர் தச்சு வேலை பழகினவர், பிறகு அதே மாநிலத்தில பழைய கட்டடப் பாதுகாப்பு வேலையில இருந்தவர், 2009 இல கட்டடக்கலைக்கான பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு எடுத்தவர். அதே மாநிலத்தில வ்ரின் எண்ட மலைக் கிராமத்தில ஜியோன் கமினாடா எண்ட கட்டடக்கலைஞர் மரத்தை அடுக்கிக் கோக்கிற அந்தப் பழைய முறையிலேயே புதுக் கட்டடங்கள் கட்டினவர், மாட்டுத் தொழுவம், இறைச்சி வெட்டுற இடம் எண்டு ஊருக்கு உண்மையிலயே தேவையான கட்டடங்கள், அந்த ஊருக்கும் 1998 இல வாக்கர் பரிசு கிடைச்சது.

இதுக்கு நேர் எதிர் எனக்குச் சரியாக் கோவம் வாற ஒரு விசயம் இருக்கு. ஸ்கீ ரிசோர்ட் பக்கம் போனா ஷாலே ஹோட்டல் எண்டு பாக்கிறது எல்லாம் உள்ள கொங்கிறீற், வெளியில வெயில்ல கறுத்த பழைய பலகையை மெல்லிசா அறுத்து ஒட்டினது. பழைய மரத்துக்கு இப்ப நல்ல விலை, அதால எங்கயோ ஒரு மலையில நல்லா நிண்ட மாட்டுக் கொட்டிலைக் கழட்டி விக்கினம். கொட்டில் போச்சு, ஹோட்டலுக்குப் பழைய வாசம் வந்துட்டுதாம். அதையும் நிலைபேறான கட்டடம் எண்டு புறோஷரில அடிப்பினம்.

யன்னல் கதை சின்னன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குக் குளிர்கால யன்னல் எண்டு ஒண்டு இருக்கு, ஐப்பசியில வெளிப் பக்கமா இன்னொரு யன்னலைக் கொழுவி இளவேனில்ல கழட்டி நிலவறையில வைக்கிறது. அதை அப்பிடியே வைச்சுக்கொண்டு, உள் யன்னல்ல மட்டும் வெற்றிடக் கண்ணாடி போட்டது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவில காத்தை உறிஞ்சி எடுத்த கண்ணாடி, எட்டு மில்லிமீற்றர் தடிப்பம்தான், பழைய சட்டத்துக்குள்ள இருந்திடும். உள் யன்னல் இறுக்கமா இருக்கவேணும், வெளி யன்னல் கொஞ்சம் லூசா இருக்கவேணும். மாறிச் செய்தா ரெண்டுக்கும் நடுவில ஈரம் அடைபட்டு ஐஸ் பிடிக்கும்.

ஆனா யன்னலை இறுக்கினா இன்னொரு ஆள் வருவார், ரேடன். மலைக் கல்லில இருந்து வாற கதிரியக்க வாயு, நிலவறை மண் தரையால மேல வரும், ஓட்டை வீட்டில அது தன்பாட்டில போயிடும், இறுக்கின வீட்டில நிக்கும். சுவிசில 2018 இல இருந்து ஒரு கன மீற்றர் காத்துக்கு 300 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) எண்டது வழிகாட்டி அளவு. நிலவறைக் கதவை இறுக்கி, தரைப் பலகையின்ர இடுக்குகளை அடைச்சு, நிலவறைக்கு எப்பவும் காத்து ஓடுற மாதிரி விட்டிருக்கிறம், நிலவறைக்கு அதுதான் நல்லதும் கூட.

கூரையில ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. இந்த வீடுகளின்ர கூரை சரிவு குறைவு, முந்தி மெல்லிசாப் பிளந்த சின்னப் பலகைகளைப் பரப்பி மேல கல்லு வைச்சிருந்தவை, ஸ்னோ வழுக்கி விழாமல் கூரையிலேயே நிக்கும், அதுவும் ஒரு இன்சுலேஷன். அதில சோலார் போட்டா ஸ்னோ வழுக்கிக்கொண்டு வாசல்ல வந்து விழும், பாக்கவும் வடிவில்லை, இந்தத் தரக் கட்டடத்துக்கு அனுமதியும் தனியா எடுக்கவேணும். கடைசியில பழைய தொழுவத்தின்ர பின் சுவரில நெடுக்காப் போட்டது. நெடுக்கா நிண்டா ஸ்னோ தங்காது, குளிர் காலத்தில சூரியன் கீழால வாறதும் நிலத்து ஸ்னோவில பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் நேரா அடிக்கும், ஹீற்றிங்குக்குக் கரண்ட் தேவைப்படுற மாசங்களில கனக்க வரும். எண்ணெய் பொயிலர் இருந்த இடத்தில இப்ப நிலத்துக்குள்ள துளை போட்டு அங்கத்தைய சூட்டை எடுத்து வீட்டுக்குக் குடுக்கிற ஹீட் பம்ப், தண்ணி 35 பாகைக்கு மேல சூடாக்கத் தேவையில்லை, களிமண் பூச்சுக்குள்ள ஓடுற குழாயால வெளிச்சுவரின்ர அடிப் பக்கம் சூடாகும். அந்தச் சூடு ஆளுக்கும் சுகம், மரத்துக்கும் காய உதவி.

அடிப் பக்கம் எண்டதும் சொல்லவேணும், இந்த வீட்டில உண்மையிலயே உக்கின இடம் ஒண்டே ஒண்டுதான். கல்லுச் சுவருக்கு மேல படுத்திருக்கிற முதல் மரம், வடக்குப் பக்கம். தச்சர் பொக்கற் கத்தியை எடுத்துக் குத்தினார், பிடி வரைக்கும் இறங்கினது. பாத்தா ஒரு காலத்தில யாரோ கல்லுச் சுவருக்கு மேல சீமெந்து பூசியிருக்கினம். முந்தி இருந்தது சுண்ணாம்பு, கல்லுக்குள்ள வாற நில ஈரம் சுண்ணாம்பால வெளியில காயும். சீமெந்தால காய ஏலாது, ஈரம் கல்லுக்குள்ளால மேல ஏறி மரத்துக்குள்ள போயிட்டுது. 200 வருசம் ஒண்டும் நடக்காத மரத்தை ஒரு பக்கெற் சீமெந்து முடிச்சிட்டுது. சீமெந்து முழுக்க உளி போட்டு உடைச்சு எடுத்து, சுண்ணாம்பு பூசி, வீட்டை ஜக்கில ஒரு விரல் அளவு தூக்கி, உக்கின துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்து ஊரில கழட்டின ஒரு வீட்டின்ர காய்ஞ்ச மரத்தை அதில செருகினவை. புது மரம் வைச்சா அது காய்ஞ்சு சுருங்கும், மேல இருக்கிற சுவர் முழுக்க இறங்கும். தச்சருக்கு அறுபது வயசுக்கு மேல, அந்தப் பொருத்தை ரம்பத்தாலயும் உளியாலயும் வெட்டி இறுக்கினபிறகு ஒரு கடதாசி கூட உள்ள போகேல்ல, எங்கட கொம்பியூட்டர் வரைபடத்தை அவர் பாத்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

காசு விசயம் கேப்பியள். இன்சுலேஷனுக்கும் ஹீட் பம்புக்கும் அரசாங்க உதவி இருக்கு, 2010 இல இருந்து ஓடுற கட்டடத் திட்டம், எண்ணெய், காஸ் ஹீற்றிங்கில எடுக்கிற காபன் வரியில ஒரு பங்கு அதுக்குத்தான் போகுது. மரபு வேலைக்கு மாநிலம் தனியாக் கொஞ்சம் தரும். எல்லாம் சேத்தாலும் புது வீட்டை விட மலிவு எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா 2012 பங்குனியில நடந்த வாக்கெடுப்பில, ஒரு ஊரில விடுமுறை வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது எண்டு 50.6 சதவீதம் ஆக்கள் போட்டு நிறைவேறினபிறகு, மலை ஊர்களில புதுசா விடுமுறை வீடு கட்டுறது கிட்டத்தட்ட நிண்டுபோச்சு. அதோட பழைய வீடுகளுக்கு மதிப்பு வந்தது. எங்கட தம்பதி வருசம் முழுக்க அங்கயே இருக்கப் போகினம், அது வேற விசயம்.

இப்ப சுவருக்குள்ள நாலு இடத்தில ஈரம் அளக்கிற சென்சர் இருக்கு, மரத்துக்கும் மரநாருக்கும் இடையில. போன தை மாசக் குளிர்ல ஆகக் கூடினது 17 சதவீதம், வடக்கு மூலையில. சித்திரை வர 13க்கு இறங்கிட்டுது. இன்னும் ரெண்டு குளிர்காலம் பாக்காமல் நான் ஒண்டும் பெரிசாச் சொல்ல மாட்டன். அந்த மூலையில இருக்கிற அறையில உடுப்புக் காயவிட வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறம், சொந்தக்கார ஐயா சரி எண்டவர், அம்மா ஒண்டும் சொல்லேல்ல.

இப்பிடி வீடுகளைப் பாக்க விருப்பம் எண்டா ரிசோர்ட் பக்கம் போகாதையுங்கோ. ஷ்பீட்ஸில இருந்து ஸ்வைசிமன் போற ரயில்ல ஏறி ஓய் டீம்டிகன்ல இறங்கினா பழைய வீடுகளைப் பாத்துக்கொண்டு நடக்கிறதுக்கெண்டே பாதை போட்டிருக்கினம். அதே ரயில் பாதையில கொஞ்சம் தள்ளி டேர்ஷ்டெட்டன், க்னுட்டி வீட்டை றோட்டில நிண்டு பாருங்கோ, உள்ளுக்குப் போகேலாது. உள்ளுக்குப் போய்த் தொட்டுப் பாக்கவேணும் எண்டா பிரியன்ஸ் பக்கம் பாலன்பெர்க் திறந்தவெளி மியூசியம், சுவிஸ் முழுக்க இருந்து கழட்டிக் கொண்டுவந்த நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள், புகைக் குசினியும் இருக்கு, குளிர் காலத்தில பூட்டு. ஒரு இரவு தங்கிப் பாக்க விருப்பமான ஆக்களுக்கு, பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளைத் திருத்தி வாடகைக்கு விடுற ஒரு அறக்கட்டளை 2005 இல இருந்து இருக்கு, மரபுப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினது, ஜேர்மன்ல Ferien im Baudenkmal எண்டு தேடினா வரும். ஞாயிற்றுக்கிழமை போறதெண்டா சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ, அந்தப் பக்கம் கடையள் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.